தேயிலை ஆலையின் வெங்காற்று

தமிழர் காற்றுக்கு நான்கு பெயர் வைத்தனர். தெற்கிலிருந்து வருவது தென்றல். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. இப்பெயர்கள் திசையை மட்டும் குறிப்பன அல்ல. காற்றின் குணத்தையும் குறிப்பன. தென்றல் இதமானது. வாடை குளிர் மிக்கது. கொண்டல் நீர்மை நிறைந்தது. ஆதலின் மேகத்துக்கும் அதுவே பெயராயிற்று. கோடை வறட்சியும் வெம்மையும் உடையது. ஆதலின் வெயிற் பருவத்துக்கும் அதுவே பெயராயிற்று. வெப்பம் எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்னும் இரண்டையும் சேர்த்தே காற்றை எடைபோட்ட மக்களின் பாகுபாடு இது.

இப்பாகுபாட்டை வகுப்பறையில் விளக்கும் தமிழாசிரியர், கேமரன் மலையில் உள்ள தேயிலை ஆலை ஒன்றினுள் நுழைந்து பார்ப்பாராயின் ஒரு வியப்பைக் காண்பார். ஒரே கூரையின்கீழ், ஓரிடத்தில் தென்றல் போன்ற இளங்காற்று வீசுகிறது. மற்றோரிடத்தில் கொண்டல் போன்ற ஈரக்காற்று தங்கி நிற்கிறது. இன்னோரிடத்தில் கோடையினும் கொடிய வெங்காற்று சீறிப் பாய்கிறது. இவை மூன்றும் இயற்கை தந்தவை அல்ல. அடுப்பும் குழாயும் விசிறியும் கொண்டு மனிதர் உண்டாக்கியவை. அவற்றை ஒவ்வொரு நாளும் உரிய அளவில் உண்டாக்கித் தருவது ஒரு தொழில். மலை நாட்டுத் தேயிலை வரலாற்றில் மிகக் குறைவாகப் பேசப்பட்ட தொழிலும் அதுவே.

மலையும் அதன் ஈரமும்

1885 ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் பகாங் மாநிலத்தின் மேற்கு மலைப் பகுதியை ஆராய்ந்து குறிப்பெழுதினார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. ஆயினும் நாற்பது ஆண்டுகள் வரை அங்கே பெரிய முயற்சி ஒன்றும் நிகழவில்லை. 1925 இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் அம்மலைக்குச் சென்று திரும்பிய பின்னரே, அதனை மலைவாழிடமாகவும் பயிர்நிலமாகவும் ஆக்கும் எண்ணம் வலுப்பெற்றது. தாப்பாவிலிருந்து மேலேறும் பாதை அமைந்தது. தானா ராத்தாவில் பயிராராய்ச்சி தொடங்கியது.

1929 இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் என்பவர், இலங்கையில் தேயிலைத் தோட்ட அனுபவம் பெற்ற மில்ன் என்பவருடன் சேர்ந்து, போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். ரஸ்ஸல் 1933 இலேயே மறைந்தார்; தோட்டம் நிலைத்தது. அதே 1933 இல் வட இந்தியரான அகர்வால் குடும்பத்தார் தொடங்கிய பாரத் நிறுவனமும் பின்னர் இம்மலைத் தேயிலையில் பெயர் பெற்றது. காட்டைத் திருத்தவும், கன்று நடவும், கொழுந்து பறிக்கவும், ஆலையை ஓட்டவும் வந்த தொழிலாளருள் பெரும்பாலோர் தென்னிந்தியத் தமிழர்.

தானா ராத்தா கடல் மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 4,700 அடி உயரத்தில் உள்ளது. பகலில் மிதமான வெப்பம், இரவில் குளிர், ஆண்டு முழுதும் மழை, மாலையில் இறங்கும் பனிமூட்டம் ஆகிய இவை யாவும் தேயிலைச் செடிக்கு உகந்தவை. குளிரில் மெதுவாக வளரும் கொழுந்தில் மணம் கூடும் என்பர். ஆனால், செடிக்கு நன்மை செய்யும் அதே ஈரம், கொழுந்து ஆலைக்குள் வந்தவுடன் பகையாகிறது. தோட்டம் வேண்டி நிற்பது மழையை. ஆலை வேண்டி நிற்பது வறட்சியை. மலைத் தேயிலைத் தொழில் இம்முரண்பாட்டின்மேல் நிற்கிறது.

நீர் வெளியேறும் கணக்கு

பறித்த பசுங்கொழுந்தில் நூற்றுக்கு 75 முதல் 80 பங்கு வரை நீரே உள்ளது. கடைக்குப் போகும் தேயிலையிலோ நூற்றுக்கு 3 பங்கு அளவே நீர் இருக்கலாம். ஆகவே தேயிலை செய்தல் என்பது, ஒரு வகையில், நீரை முறையாக வெளியேற்றும் கலையேயாகும்.

ஒரு கணக்கால் இதனை விளக்கலாம். 100 கிலோ பசுங்கொழுந்தில் 78 கிலோ நீரும் 22 கிலோ சாரமும் உள்ளன என்று கொள்வோம். முதற்படியாகிய வாட்டுதலில், நீர் நூற்றுக்கு 60 பங்கு என்னும் அளவுக்குக் குறையும்வரை கொழுந்தை வைத்தால், 100 கிலோ 55 கிலோவாகிறது. 45 கிலோ நீர் காற்றோடு போய்விடுகிறது. பின்னர் உருட்டுதலும் புளிக்கவைத்தலும் நிகழ்கின்றன. இறுதிப் படியாகிய உலர்த்துதலில் மேலும் 32 கிலோ நீர் வெளியேற, எஞ்சி நிற்பது 23 கிலோவுக்கும் சற்றுக் குறைவு. முதலில் போன 45 கிலோ மணிக்கணக்கில் மெல்லப் போகவேண்டும். பின்னர் போகும் 32 கிலோ இருபது, இருபத்தைந்து நிமிடங்களுக்குள் போய்விடவேண்டும்.

வாட்டும்போது காற்று இளஞ்சூடாக இருத்தல் வேண்டும். கொழுந்து வாடவேண்டுமேயன்றி வேகக் கூடாது. இங்கு ஆலையாளருக்கு வழிகாட்டுவது இரண்டு வெப்பமானிகள். ஒன்றின் குமிழ் உலர்ந்திருக்கும். மற்றொன்றின் குமிழ்மேல் ஈரத்துணி சுற்றியிருக்கும். காற்று வறண்டிருந்தால் இரண்டும் காட்டும் அளவுகளுக்கிடையே வேறுபாடு மிகும். காற்று ஈரமாயிருந்தால் வேறுபாடு குறையும். பனி மூடிய இரவில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே நிற்கும். அவ்வேளையில் விசிறியை மட்டும் ஓட்டிப் பயனில்லை. வெளிக்காற்றைச் சிறிது சூடாக்கியே உள்ளே செலுத்தவேண்டும். காற்றில் உள்ள நீர் அவ்வளவே இருக்க, வெப்பம் ஏறியதும் அக்காற்று மேலும் நீரை ஏற்கும் ஆற்றலைப் பெறுகிறது. மழைநாட்டில் வாட்டும் தொழில் நடப்பது இவ்விதியால்தான்.

புளிக்கவைக்கும் அறையில் நிலைமை நேர்மாறு. உருட்டிக் கசக்கிய இலை காற்றிலுள்ள உயிர்வளியோடு கலந்து செம்பு நிறம் பெறும் இடம் அது. புளித்தல் என்று வழங்கினும், உண்மையில் அஃது உயிர்வளி ஏற்றமே. அங்கே காற்று குளிர்ந்தும் ஈரம் செறிந்தும் இருத்தல் வேண்டும். வெப்பம் 27 பாகை செல்சியசைத் தாண்டினால் நிறம் விரைந்து மங்கும். ஈரம் குறைந்தால் இலையின் மேற்புறம் காய்ந்து கறுக்கும். எனவே நீரை நுண்துளியாகத் தெளிக்கும் கருவிகள் வைக்கப்படுகின்றன.

உலர்த்தும் பொறியில் 90 முதல் 100 பாகை வரை வெப்பமுள்ள காற்று வேண்டும். அது இலையின் உயிர்வளி ஏற்றத்தை அக்கணமே நிறுத்தி, ஈரத்தை வாங்கிக்கொண்டு, ஏறத்தாழ 50 அல்லது 55 பாகையில் வெளியேறவேண்டும். வெளியேறும் காற்று இதனினும் குளிர்ந்தால் இலை உலராமல் வெந்து, சுவை மழுங்கும். உள்ளே வரும் காற்று மிகச் சூடானால் இலையின் மேற்பரப்பு மட்டும் ஓடுபோல் காய்ந்து, உள்ளே ஈரம் தங்கிவிடும். அத்தேயிலை பெட்டியில் இருந்தே கெடும். சில பாகை வேறுபாட்டில் ஒரு நாள் முழுதும் பறித்த கொழுந்தின் தலையெழுத்து மாறிவிடுகிறது.

கரியடுப்பிலிருந்து பொறிக்கு

பழங்காலத்தில் சீனத்திலும், பின்னர் அஸ்ஸாமிலும், மரக்கரி அடுப்பின்மேல் மூங்கில் தட்டுகளை வைத்துத் தேயிலையை உலர்த்தினர். அம்முறையில் ஒரு பவுண்டு தேயிலைக்கு 8 பவுண்டு நல்ல மரம் கரியாக்கப்பட்டது எனக் கணக்கிட்டுள்ளனர். காடு அழிந்தது; கரிப்புகையில் நின்ற தொழிலாளர் உடலும் அழிந்தது.

இதனை மாற்றியவர்களுள் இருவர் முதன்மையானவர். ஒருவர் வில்லியம் ஜாக்சன். 1872 இல் அஸ்ஸாம் தோட்டமொன்றில் உருட்டும் பொறியை நிறுவிய அவர், 1880களில் உலர்த்தும் பொறிகளையும் அமைத்தார். இங்கிலாந்தில் கெயின்ஸ்பரோ நகரத்து மார்ஷல் நிறுவனம் அவர் பொறிகளை வார்த்துத் தேயிலை நாடுகளுக்கெல்லாம் அனுப்பியது. மற்றொருவர் சாமுவேல் டேவிட்சன். அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரைச் சேர்ந்த அவர், 1864 இல் இளைஞராகக் கச்சார் நாட்டுத் தோட்டத்துக்கு வந்தார். கரியடுப்பு முறையின் கேட்டைக் கண்ணால் கண்டு, வெங்காற்றால் உலர்த்தும் பொறியை உருவாக்கினார். 1881 இல் பெல்பாஸ்டில் ஆலை தொடங்கினார். தம் பொறிக்கு அவர் இட்ட பெயர் ‘சிராக்கோ’. ஆப்பிரிக்கப் பாலைநிலத்திலிருந்து மத்தியதரைக் கடலை நோக்கி வீசும் வெங்காற்றின் பெயர் அது. தமிழர் ஒருவர் அப்பொறியைச் செய்திருப்பாராயின் ‘கோடை’ என்றே பெயரிட்டிருப்பார்.

இப்பொறிகளின் உள்ளமைப்பு ஒன்றே. அடுப்பில் எழும் தீயும் புகையும் இரும்புக் குழாய்களின் ஒருபுறம் செல்கின்றன. தூய காற்று மறுபுறம் செல்கிறது. வெப்பம் மட்டும் இரும்பைக் கடந்து காற்றுக்கு வருகிறது. புகை புகைபோக்கி வழியே போய்விடுகிறது. தீயும் இலையும் ஒன்றையொன்று காணாமல் ஒன்றுக்கொன்று உதவுகின்றன. இம்முறை வந்தபின், எந்த விறகும் சருகும் எரிக்கலாம் என்றாயிற்று. ஒரு பவுண்டு தேயிலைக்குக் கால் பவுண்டு அஸ்ஸாம் நிலக்கரியே போதும் என்றும் கணக்கிட்டனர். 1930களில் கேமரன் மலையில் ஆலைகள் எழுந்தபோது, அரை நூற்றாண்டுக் காலம் தேர்ந்த இம்முறையே அங்குக் கைகொடுத்தது.

பேணுதல் என்னும் பணி

பொறி வாங்குவது ஒரு நாள் வேலை. அதனைப் பேணுவது ஆயுள் முழுதும் செய்யும் வேலை. இப்பணியின் ஒழுங்கை நாட்பணி, வாரப்பணி, ஆண்டுப்பணி என மூன்றாகப் பிரித்துக் காணலாம்.

நாள்தோறும் அடுப்பின் சாம்பலை வாரவேண்டும். கம்பிகளுக்கிடையே சாம்பல் அடைத்தால் தீக்குக் காற்றுக் கிட்டாது, புகை மிகும், வெப்பம் குறையும். விறகு உலர்ந்ததா என்று பார்க்கவேண்டும். ஈரவிறகை எரித்தால், கொழுந்தின் நீரை ஓட்டவேண்டிய வெப்பம் விறகின் நீரை ஓட்டுவதிலேயே செலவாகிவிடும். உள்வரும் காற்றின் வெப்பத்தையும் வெளியேறும் காற்றின் வெப்பத்தையும் குறித்துக்கொண்டே இருக்கவேண்டும். தட்டுகளில் ஒட்டிய தூளையும், சுவர்களிலும் உத்திரங்களிலும் படியும் தேயிலைப் பஞ்சையும் துடைக்கவேண்டும். அப்பஞ்சு எளிதில் தீப்பற்றும். நீர் தெளிக்கும் கருவிகளையும் புளிக்கவைக்கும் தளத்தையும் கழுவாது விட்டால் நுண்கிருமிகள் பெருகி இலைக்குக் கெட்ட வாசம் ஏறும்.

வாரந்தோறும் குழாய்களில் படியும் புகைக்கரியைத் துடைக்கவேண்டும். புகைக்கரி வெப்பத்தைக் கடத்தாத போர்வை. அது தடிக்கத் தடிக்க, விறகு கூடுதலாகச் செலவாகும், காற்றோ சூடேறாது, வெப்பம் புகைபோக்கி வழியே வானத்துக்குப் போய்விடும். விசிறியின் அச்சுக்கு எண்ணெய் இடவேண்டும். வார்ப்பட்டை தளர்ந்தால் விசிறி மெதுவாகச் சுற்றும். காற்றின் அளவு குறையும். குழாய்களிலிருந்து வெப்பத்தை வாங்கிச் செல்லக் காற்றுப் போதாமல் இரும்பு அளவுக்கு மீறிக் காய்ந்து வெடிக்கும். ஒரு தோல்வாரின் தளர்ச்சி இரும்புக் குழாயைக் கெடுக்கும் என்பது, பொறிகளைப் பழகியவருக்கே புலனாகும் உண்மை.

ஆண்டுக்கொருமுறை, கொழுந்து குறையும் பருவத்தில், பொறியைத் திறந்து குழாய் ஒவ்வொன்றையும் ஆராயவேண்டும். நெற்றியில் விழுந்த கோடு போன்ற மெல்லிய விரிசல் போதும். அதன் வழியே புகை தூய காற்றோடு கலந்துவிடும். தேயிலை தன்னைச் சூழ்ந்த மணத்தை உடனே பற்றிக்கொள்ளும் இயல்புடையது. புகை மணம் ஏறிய தேயிலையைச் சுவைப்பவர் ஒரு வாயிலேயே ஒதுக்கிவிடுவார். விரிசல் கெடுப்பது தேயிலையை மட்டுமன்று. மணமும் நிறமும் இல்லாத கரியோரொட்சைடு என்னும் நச்சுவாயு அதன் வழியே பணியிடத்துக்கு வருமாயின் மனித உயிருக்கும் ஆபத்து. ஆதலின் குழாயைத் தட்டிப் பார்த்து ஓசை கேட்டவரும், விளக்கைப் பிடித்து விரிசல் தேடியவரும் தேயிலையோடு ஆலையில் நின்ற அனைவரையும் காத்தவர் ஆவர்.

விறகிலிருந்து வாயுவுக்கு

எரிபொருள் காலத்துக்குக் காலம் மாறிற்று. நீலகிரியில் யூகலிப்டசு மரங்கள் விறகுக்காக நடப்பட்டன. இலங்கை ஆலைகள் பலவற்றுக்கு இரப்பர் மரம் விறகாயிற்று. அஸ்ஸாமில் 1953 இல் நகர்கட்டியாவில் எண்ணெய் கண்டெடுக்கப்பட்டது; எண்ணெயுடன் எழுந்த இயற்கை வாயுவும் பயன்படத் தொடங்கியது. 1962 இல் அமைந்த அஸ்ஸாம் வாயு நிறுவனம் குழாய் வழியே தேயிலை ஆலைகளுக்கும் வாயுவை வழங்கி வந்துள்ளது.

வாயுவில் சாம்பல் இல்லை, கரிப்புகை குறைவு, வெப்பத்தை விரும்பியவாறு கூட்டவும் குறைக்கவும் இயலும். ஆனால் பேணும் பணி ஒழிந்துவிடவில்லை. அதன் வடிவமே மாறியது. சாம்பல் வாரியவர் இப்போது சுடரின் நிறத்தைப் பார்க்கவேண்டும். நீலச் சுடர் எரிதல் முற்றியதைக் காட்டும். மஞ்சள் சுடர் காற்றுப் போதாமையைக் காட்டும். வாயுவுக்கு இயல்பில் மணமில்லை. கசிவு தெரியும்பொருட்டே நாற்றமுள்ள பொருளைக் கலக்கின்றனர். இயற்கை வாயு காற்றினும் இலேசானது, மேலே எழும். உருளைகளில் வரும் நீர்ம எரிவாயு காற்றினும் கனமானது, தரையிலும் பள்ளத்திலும் தங்கும். இவ்வேறுபாட்டை அறியாதவர் கையில் புதிய அடுப்பு பழைய அடுப்பினும் ஆபத்தானது.

விசிறி சென்ற வழி

டேவிட்சன் தேயிலையோடு நின்றுவிடவில்லை. வெங்காற்றை இன்னும் வலிமையாகத் தள்ளும் முயற்சியில், 1898 அளவில், முன்னோக்கி வளைந்த பல சிறு இதழ்கள் கொண்ட உருளை விசிறியை அவர் அமைத்தார். அது சுரங்கங்களுக்குக் காற்றூட்டியது, கப்பல்களில் ஏறியது, பெல்பாஸ்டில் கட்டப்பட்டு 1912 இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலிலும் சிராக்கோ விசிறிகள் சுழன்றன.

1902 இல் அமெரிக்காவின் புரூக்ளின் நகர அச்சகம் ஒன்றில் ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்குவதைத் தடுக்க வில்லிஸ் கேரியர் என்பவர் ஒரு முறையை வகுத்தார். காற்றைப் பதப்படுத்தும் இன்றைய பொறிகளின் தொடக்கம் அதுவே என்பர். அங்கும் எழுந்த வினா, கேமரன் மலை ஆலையின் வினாவேதான்: காற்றில் எவ்வளவு வெப்பம், எவ்வளவு ஈரம்? இன்று கோலாலம்பூரின் கடைகளையும் அலுவலகங்களையும் குளிர்விக்கும் பொறிகளிலும், குளிர்நாடுகளில் வாயுவை எரித்துக் கட்டடங்களைச் சூடாக்கும் பொறிகளிலும் பெரும்பாலும் சுழல்வது, டேவிட்சன் விசிறியின் வழிவந்த உருளை விசிறியே. அப்பொறிகளைப் பேணுவோர் செய்வதும் அதே பணிதான். வடிகட்டியைக் கழுவுதல், வார்ப்பட்டையை இறுக்குதல், அச்சுக்கு எண்ணெய் இடுதல், சுடரின் நிறம் காணுதல், வெப்பக்குழாயில் விரிசல் தேடுதல் ஆகியவை தேயிலை ஆலையில் நூறாண்டுக்கு முன்பே ஒழுங்காகிவிட்டவை. நகரில் இதனைத் தொழில்நுட்பம் என்று மதித்துச் சான்றிதழ் தருகின்றனர். தோட்டத்தில் இதனைச் செய்தவர் கூலியாள் என்றே ஏட்டில் எழுதப்பட்டார்.

ஏட்டில் ஏறாதவர்

தேயிலை வரலாற்றை எழுதியோர் தோட்டம் கண்ட துரைமாரின் பெயரை எழுதினர். பிற்காலத்தார் கொழுந்து பறித்த பெண்களின் பாட்டைப் பாடினர். படத்திலும் அவர்களையே காட்டினர். இரண்டும் வேண்டியவையே. ஆனால் அடுப்படியில் நின்றவரும், குழாய் துடைத்தவரும், விசிறிக்கு எண்ணெய் இட்டவரும் இரு வரலாற்றிலும் இடம்பெறவில்லை. காரணம் ஒன்றுண்டு. நன்கு பேணப்பட்ட பொறியில் ஒன்றும் நிகழ்வதில்லை. தீ விபத்து ஏட்டில் ஏறும். விபத்து நேராத ஓராண்டு ஏட்டில் ஏறாது.

1938 இல் இந்திய அரசு மலாயாவுக்கு உதவிபெற்றுச் செல்லும் கூலித் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்தது. அதன்பின் தொழிலைப் பயின்றவர்கள், பெரும்பாலும், முன்பே அங்கிருந்தவரிடமிருந்தே பயின்றிருக்கவேண்டும். 1941 இறுதியில் வந்த ஜப்பானியர் ஆட்சியும், 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலமும் தோட்ட வாழ்வைக் குலைத்தன. எனினும் தொழில் அறுந்துவிடவில்லை. இன்றோ நிலைமை வேறு. தோட்ட வேலையில் வெளிநாட்டுத் தொழிலாளர் மிகுந்துவிட்டனர். பழைய தொழிலாளரின் பிள்ளைகள் நகரங்களுக்குப் போய்விட்டனர். வெப்பத்தைத் தானே அளந்து தானே சரிசெய்யும் கருவிகள் வந்துவிட்டன. இம்மாற்றத்தைக் குறைகூற இடமில்லை. புகையில் நின்று உடல் தேய்ந்த காலம் மீளவேண்டும் என்று எவரும் விரும்பார்.

ஆயினும் அவர்களுடைய அறிவு ஒரு மொழியில் இருந்தது, அம்மொழி தமிழ். பொறியின் ஒவ்வோர் உறுப்பையும், தீயின் ஒவ்வொரு நிலையையும், இலை பதமாயிற்று என்பதையும் கையாலும் மூக்காலும் அறிந்தவர்கள், அவற்றைக் குறிக்கச் சொற்களையும் வைத்திருந்தனர். சில ஆங்கிலத்திலிருந்து திரிந்தவை. சில மலாயிலிருந்து வந்தவை. சில உழவுத் தொழிலிலிருந்தும் அடுக்களையிலிருந்தும் எடுத்தாளப்பட்டவை. வாட்டுதல், பதம், காந்தல் போன்ற சொற்கள் ஆலையில் புதுப்பொருள் பெறக் கூடியவை. அகராதிகள் இச்சொற்களைத் தேடிச் சென்றதில்லை.

மலைநாட்டுத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்க்கு இங்கே ஒரு பணி காத்திருக்கிறது. நால்வகைக் காற்றின் பெயரை மாணவர்க்குக் கற்பித்த பின்னர், அவர்களை வீட்டுக்கு அனுப்பி, ஆலையில் வேலை செய்த தாத்தா இருப்பின் அவரிடம் மூன்று வினாக்களைக் கேட்டு எழுதிவரச் சொல்லலாம். பொறியின் உறுப்புகளை எப்பெயரால் அழைத்தீர்கள்? தீ சரியாக எரிகிறது என்பதை எதனால் அறிந்தீர்கள்? யார் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்? ஒரு குறிப்பேட்டில் அடங்கும் விடைகள்தாம். ஆனால் அவ்விடைகளைச் சொல்லத்தக்கவர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.